ரீல் மாற்றும் வெளிச்சம்

ஐயம்பேட்டைக்குப் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், அப்போது ஒரு டெண்ட் கொட்டகை இருந்தது. எழுபதுகள் பிறந்த சமயம். ஊருக்குள் கட்டடத் தியேட்டர்கள் இருந்தாலும், பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண்களுக்குக் கொட்டகைதான் தோது. டிக்கெட் மலிவு, மணலில் காலை நீட்டி உட்காரலாம், கைக்குழந்தையைப் பக்கத்திலேயே தூங்கப் போடலாம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருகிற ஒரு மண் சுவர். உட்கார்ந்தால் இந்தப் பக்கத்துத் தலைகள் அந்தப் பக்கத்துக்குத் தெரியும்.

கொட்டகையில் ஒரே ஒரு புரொஜக்டர். ஒரு ரீல் முடிந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டுவார்கள். விளக்கு எரிந்ததும் ஆண்கள் பக்கம் மொத்தமும் ஒரே திருப்பாகப் பெண்கள் பக்கம் திரும்பும். டிக்கெட்டில் அதுவும் சேர்த்தி என்பதுபோலத் திரும்புவார்கள். வெட்கமோ அவசரமோ கிடையாது. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, சாவகாசமாக, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் இது பழக்கம். ரீல் முடியப் போகிறது என்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் குதிக்கும். அதைக் கண்டதுமே பெரியவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்துவார்கள், என் வயதுப் பெண்கள் குனிந்து மணலில் கோடு கிழிப்பார்கள். நானும் கிழித்தேன். கிழிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு எரிச்சலோடு ஏன் போனாய் என்று கேட்கலாம். சினிமா என்றால் எனக்கு உயிர். தெருவில் ஒரு ஆணின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தால், பொழுது சாய்வதற்குள் அந்தச் சேதி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். கொட்டகை இருட்டில் மட்டும், வீட்டுச் சுவரைவிடப் பெரிய ஆண் முகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏன் பார்க்கிறாய் என்று கேட்க ஆளில்லை. எனக்கு அந்த ஆசை இருந்தது, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் படம் எடுக்கிறவர்கள் என்னை மனதில் வைத்து எடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. கதாநாயகன் வந்தால் முதலில் முகம் வரும். கதாநாயகி வந்தால் கால் விரலில் ஆரம்பித்து, கணுக்கால், இடுப்பு என்று நின்று நிதானித்து ஏறி, ஆடி அசைந்து முகத்துக்கு வருவார்கள். அவளுடைய கணுக்காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருந்தாலும் பார்த்தேன். காட்டினார்கள், பார்த்தேன். அந்த நேரத்தில் நானும் சுவரைத் தாண்டிப் போய் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டதுபோல் இருக்கும். பிறகு விளக்கு எரியும், குனிந்துகொள்வேன்.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்போம். வீட்டில் யாரையும் எதிர்க்காத மனுஷன் என்று சொல்ல மாட்டேன், அக்காவை மட்டும் எதிர்க்காத மனுஷன். அதற்கு முந்தின வருஷம் ஒரு குடும்பம் தட்டோடு வந்து, என்னைப் பார்த்து, காப்பி குடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள், போனவர்கள்தான். தெருவே என்னிடம் துக்கம் விசாரித்தது. அதனால் இந்த முறை அத்தை யோசனையாக வேலை செய்தாள்.

"யாருக்கும் தெரிய வாணாம்பா," என்றாள் நைனாவிடம். "நாம சினிமாவுக்குப் போறோம். அவங்களும் வராங்க. வெளக்கு போடறப்போ பையன் பாத்துக்கட்டும். புடிச்சா மேல பேசலாம். புடிக்கலன்னா படம் பாத்த மாரி போச்சு."

இது அத்தை கண்டுபிடித்ததல்ல. எங்கள் தெருவிலேயே இரண்டு கல்யாணங்கள் அந்தக் கொட்டகையில் முடிவானவை. பையனுக்கு ஐயம்பேட்டை. வீட்டில் சொந்தத் தறி இரண்டு, ஒரே தங்கை, அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. குடி இல்லை. இதையெல்லாம் என்னிடம் யாரும் சொல்லவில்லை, சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டேன். அவன் தலையாட்டினால் அடுத்த மாதமே வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவதாக நைனா சொன்னதையும் கேட்டேன். என் தலை அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஒரு ரீலைக் கழற்றி இன்னொரு ரீலை மாட்டுகிற நேரத்துக்குள் ஒருவன் பார்த்துச் சொல்வான், ஆயுசு முழுக்க நான் அவன் தறிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அன்றைக்குச் சாயங்கால ஆட்டம். எனக்கு அத்தையின் கத்தரிப்பூ நிறப் பட்டு. தலை கொள்ளாமல் கதம்பம். நடந்து போகும்போதே அத்தை பாடம் எடுத்தாள்.

"பல்லைக் காட்டிச் சிரிக்காத. முறுக்கு வாங்கிக்கினு நொறுக்காத. முக்கியமா அந்தப் பக்கம் திரும்பாத. நீ பாட்டுக்குப் படத்தப் பாத்துக்கினு இரு."

கொட்டகையில் சுவரை ஒட்டி ஒரு மூங்கில் கம்பம், அதில் ஒரு பல்பு. அதற்கு நேர் கீழே என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் அம்மா. நைனா சுவருக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டாரோடு. அத்தை முந்தானைக்குள் வாயை மறைத்துக்கொண்டு, "கட்டம் போட்ட சட்ட, கழுத்துல கர்ச்சீப்," என்றாள், என்னிடம் அல்ல, அம்மாவிடம்.

முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. நான் குனிந்தேன். சொன்னபடி குனிந்தேன் என்று சொல்வதைவிட, கழுத்து தானாகக் குனிந்தது என்பதே சரி. யாரோ பார்க்கிறார்கள் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. உச்சந்தலையில், காதோரத்தில், கழுத்தில் என்று ஒவ்வொரு இடமாகக் கூசியது. இப்போது எங்கே பார்க்கிறான், இப்போது எங்கே என்று நானே அவன் கண்ணாக மாறி என் மேல் ஊர்ந்துகொண்டிருந்தேன். தோல் கறுப்பாகத் தெரியுமோ, பட்டு எடுப்பாக இல்லையோ என்றெல்லாம் யோசித்தேன். அவனுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று ஒரு கணம் உண்மையாகவே தவித்தேன். அவன் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை! விளக்கு அணைந்ததும் எனக்கு வந்த கோபம் அவன் மேல் அல்ல, என் மேல்.

அடுத்த முறை விளக்கு எரிந்தபோது நிமிர்ந்தேன்.

பல்புக்குக் கீழே உட்கார வைத்தால் என்னை நன்றாகப் பார்க்கலாம் என்று யோசித்த அத்தைக்கு, அங்கிருந்து நானும் நன்றாகப் பார்க்கலாம் என்பது தோன்றவே இல்லை. வெளிச்சம் பெண் மேல் விழுவதற்கு என்றே அவள் நினைத்திருந்தாள். கட்டம் போட்ட சட்டை சுவரிலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தது. அகலமான முகம், ஒழுங்காக வாரிய தலை, மேலுதட்டில் மெல்லிய மீசை. நான் பார்ப்பதைக் கண்டதும் அவன் சட்டென்று திரையைப் பார்த்தான். திரையில் ஒன்றும் இல்லை, வெறும் துணி. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனைப் பார்த்தான். பிறகு மறுபடி என்னை. நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தொடையில் கிள்ளினாள். கிள்ளிய இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் படம் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். திரை வெளிச்சம் கூடும்போது முகம் தெரியும், குறையும்போது மறையும். பாட்டு வந்தபோது வாய் லேசாகத் திறந்திருந்தது. கதாநாயகனின் அம்மா சாகிற காட்சியில் அவன் கழுத்திலிருந்த கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், நண்பனுக்குத் தெரியாமல், மூக்கைத் துடைப்பதுபோல. அது எனக்குப் பிடித்திருந்தது. நல்ல மனசுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சரி, இவன் தலையாட்டினால் நானும் மனசுக்குள் ஆட்டிக்கொள்ளலாம் என்று பாதிக்கு மேல் முடிவு செய்துவிட்டேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

கதாநாயகி பணக்கார வீட்டுப் பெண், காலேஜில் படிப்பவள், கால்சட்டை போடுபவள். கதாநாயகனை ஏதோ எடுத்தெறிந்து பேசினாள். அவன் விட்டான் ஒரு அறை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பார்வையிலேயே காதல் வந்துவிட்டது. இப்படிப்பட்ட படங்கள் அப்போது நிறைய. அறை விழுந்ததும் கொட்டகை அதிர்ந்தது. விசில், கைதட்டல், காகிதம் பறந்தது. ஆண்கள் பக்கம் முழுவதும் முழங்காலில் எழுந்து நின்றது. அதோடு அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். விளக்கு எரியாமலே, திரை வெளிச்சத்திலேயே, எங்கள் பக்கம் திரும்பினார்கள். அறை எங்களுக்கு உறைத்ததா என்று பார்க்கத் திரும்பினார்கள்.

எங்கள் பக்கம் சிரித்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்கள். அத்தை, "நல்லா வேணும் திமிரு புடிச்சவளுக்கு," என்று என் முதுகில் தட்டினாள். அம்மாவும் சிரித்தாள். அதை நான் பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சிரிப்பாக. நானும் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தான். நான் சிரிக்கவில்லை. அவனுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நண்பனின் காதில் ஏதோ சொன்னான். பிறகு என்னைப் பார்த்தபடியே வலது கையைத் தூக்கி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான், விளையாட்டாக. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் அத்தை வாசலில் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். "பையன் பாத்துட்டான். புடிச்சிருக்குதாம்!"

நானும் நைனாவும் தறியில் இருந்தோம். எங்கள் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரே ஆளாக நெய்ய முடியாது. நடுவே ஒருவர் உடலுக்கு நூல் ஏற்றிய நாடாக்கட்டையை விட, ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா விட வேண்டும். அந்த இன்னொருவர் நான். ஒரு கை நின்றால் மறு கையும் நின்றுவிடும்.

அத்தை தறிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இன்னா சொன்னான் தெரியுமா? பொண்ணு கொஞ்சம் தெனாவெட்டா இருக்குது, பரவால்ல, ரெண்டு போட்டா சரியாயிடும்னானாம். தமாஷுக்காரன்."

நைனா சிரித்தார். நான் நாடாவைக் கீழே வைத்தேன்.

"இன்னாமா?" என்றார் நைனா.

"எனக்கு வாணாம் நைனா."

"இன்னாது வாணாம்?"

"அந்த ஆள்."

தறி நின்றது. நைனா தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் எப்போதும் அப்படித்தான் பேசுவோம், இரண்டு பேரும் புடவையைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் வாணாம்?"

என்ன சொல்வது? சினிமாவில் ஒருத்தியை அடித்ததற்கு விசில் அடித்தான் என்றா? ஊரே அடித்தது. கையைத் திருப்பிக் காட்டினான் என்றா? விளையாட்டுக்குக் காட்டினான் என்பார்கள். என்னிடம் இருந்த காரணத்தை வெளியே எடுத்தால் அது காரணம் மாதிரியே இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"பாத்தேன் நைனா. அந்த அடி வுழுந்தப்போ அவன் மூஞ்சப் பாத்தேன். அவன் என்னப் பாத்துச் சிரிச்சான். கையக் காட்டினான்."

"நீ எதுக்கு அவனப் பாத்த?" இது அத்தை. "நான் தலதலையா அடிச்சிக்கினேனே, அந்தப் பக்கம் திரும்பாதன்னு!"

"அவன் பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா?"

"பாத்தியாடா இவ பேசற பேச்ச?" என்றாள் அத்தை நைனாவிடம். "கொட்டாயி முழுக்க ஆம்பளைங்க. அதுல கண்ணக் கொட்டாமப் பாத்துக்கினு இருந்திருக்கிறா. இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வருவானா வாசலுக்கு?"

நான் அந்த ஆளை வேண்டாம் என்றது பின்னால் போய்விட்டது. பார்த்தேன் என்பதுதான் குற்றமாக நின்றது. நைனா தறிக்குழியிலிருந்து எழுந்தார். காதுமடல் சிவந்திருந்தது. அக்காவின் எதிரில் மானம் போனதாக நினைத்திருப்பார்.

"யாரு ஒன்ன பாக்கச் சொன்னது?"

நான் எழுந்து நின்றேன். "யாரும் சொல்லல. நானாத்தான் பாத்தேன்."

கையை ஓங்கினார். அவர் அடிக்காத மனுஷர் இல்லை. என்னை அடித்து வெகு காலம் ஆகியிருந்தது, அம்மாவை அடித்து அவ்வளவு காலம் ஆகவில்லை. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டு வாசலிலிருந்து அம்மா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அடிங்க. நேத்து மாரி இப்பவும் நான் சிரிக்கணுமா? சொல்லுங்க, சிரிக்கிறேன்."

நைனாவின் கை தூக்கியபடியே நின்றது.

"எதுக்குச் சிரிச்சேன்னு நெனச்சீங்க?" அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எங்கள் இருவருக்கும் நடுவே நின்றாள். "அம்மாம் பேரும் எங்க மூஞ்சிய பாத்தீங்க. சிரிக்காம இருந்தா, இன்னா இவளுக்கு ரோஷம் வருதுன்னு நெனப்பீங்க. அதான் சிரிச்சேன். எல்லாரும் அதுக்குத்தான் சிரிச்சோம். இவ ஒருத்திதான் சிரிக்கல."

"நீங்கன்னா? நானா?" என்றார் நைனா. "நான் பாத்தனா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

"பாத்தீங்க," என்றாள் அம்மா. "மொத ஆளா திரும்புனது நீங்கதான். என்னத்தான் பாத்தீங்க."

நைனா தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் இறக்கி, தறியில் இருந்த புடவையைத் தடவினார். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. கடைசியில் நைனாதான் கண்ணை எடுத்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. அத்தை அவர் பின்னாலேயே ஓடினாள்.

மத்தியானம் வரை தறி ஓடவில்லை. அவர் சரி சொல்லிவிட்டு வந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிணறு, ரயில் என்று கண்டதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அரிசி களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

அத்தைதான் முதலில் பஸ்ஸில் திரும்பி வந்தாள். வாசற்படிக்கு மேல் ஏறவில்லை. தெருவே கேட்கிற மாதிரி அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"உன் புருஷன் ஐயம்பேட்டைக்குப் போயி என் மானத்த வாங்கிட்டாம்மா! பையன் வூட்ல அத்தினி பேரு உக்காந்துக்கினு இருக்காங்க. இன்னா சொன்னான் தெரியுமா? ஒரு சாக்கு சொல்லலாமில்ல? ஜாதகம் சரியில்லன்னு சொல்லலாமில்ல? நடுவூட்ல நின்னுக்கினு சொல்றான், 'என் பொண்ணு பையனப் பாத்தா. அவளுக்குப் புடிக்கல'ன்னு."